அடக்கம் பார்க்க ஒரு டிவி

பென் டிரைவில் சாப்ட்வேரை ஏற்றி, டிவிக்குப் பின்னால் சொருகி, பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி கரண்ட் கொடுப்பது எப்படி என்று, டிவி சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தரப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் படக்குழாய் டிவியில் தொழில் தொடங்கியவன். கம்பெனி என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துப் புதுப் பாடம் நடத்தியபோது எனக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் ஓய்வு பெறும் வரைக்கும் இந்தத் திருநெல்வேலியிலும் சுற்று வட்டாரத்திலும், கம்பெனி லோகோவோடு நின்றுபோய்ச் செத்துக் கிடந்த டிவிகளை எழுப்பிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

கருவியைப் பற்றிய சந்தேகத்துக்கு இப்போது யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு வீட்டுக்குள் போய் நின்ற பிறகு வருகிற சந்தேகத்தை அப்படிக் கேட்க முடியாது. அதனால் ஒரே ஒரு வீட்டைப் பற்றி மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

கொரோனா வந்து ஊரையெல்லாம் அடைத்துப் போட்டிருந்த நேரம். எங்கள் சர்வீஸ் சென்டருக்குப் பூட்டு. நான் வண்ணாரப்பேட்டையில் என் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒரு பெண் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில இருந்து ஜெபா பேசுதேன். போன வருசம் எங்க வீட்டுல டிவி மாட்டுனியள்லா, கோர்ட்டுல வேலை பாத்த சாமுவேல் சார் வீடு. டிவி ஓட மாட்டேங்கு. கம்பெனி பேரு வருது, அணையுது, மறுபடியும் அதே பேருதான் வருது."

"அம்மா, இப்ப வெளிய வர முடியாதே. கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்க" என்றேன்.

பிறகு சொன்னாள்.

"எங்க அண்ணன் துபாய்ல இறந்துட்டான். தூக்கத்துலயே நெஞ்சுவலி. பிளேன் ஒண்ணும் ஓடலல்லா, அங்கனயே அடக்கம் பண்ணுதாங்க. இன்னைக்கு நம்ம நேரம் நாலு மணிக்கு அவன் கூட்டாளி ஒருத்தர் வீடியோல காட்டுதேன்னிருக்காரு. அப்பாவுக்குக் கண்ணுல பிரஷர் இருக்கு, போன்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. டிவிகிட்ட ஒட்டி உக்காந்தாத்தான் கொஞ்சம் தெரியும்."

எனக்கு அந்தப் பையனை நினைவிருந்தது. தானியேல் என்று பெயர். லீவில் வந்தவன் அப்பாவுக்கென்று பெரிய டிவியாகப் பார்த்து வாங்கி, நான் சுவரில் மாட்டும்போது கீழே நின்று, "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் இறக்குங்க, அப்பா நாற்காலியைப் போட்டு ஒட்டி உக்காருவாரு" என்று அளவு சொன்னவன். வழக்கத்துக்கு விரோதமாக அந்த டிவியை முழங்கை உயரத்தில்தான் மாட்டினேன்.

"வாரேம்மா" என்றேன்.

ரவுண்டானாவில் போலீஸ் மறித்தது. பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஸ்க்ரூ டிரைவரையும் மீட்டரையும் பார்த்துவிட்டு அந்தக் காவலருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊரே செத்துக்கிட்டு கெடக்கு. ஒமக்கு டிவி ரிப்பேரு கேக்குதோ?"

"ஒரு அடக்கம் பாக்கணும் சார். டிவியிலதான் பாக்கணும்."

அவர் பையை மூடிக் கையில் தந்தார். பிறகு லத்தியை ஒதுக்கி வழி விட்டார்.

துக்க வீடு என்று சொல்ல முடியாதபடி இருந்தது அந்த வீடு. வாசலில் ஒரு செருப்பு இல்லை. வரக்கூடிய உறவுக்காரர்கள் எல்லாரும் வர முடியாமல் போனில் அழுதுகொண்டிருந்தார்கள். சாமுவேல் சார் காலையிலேயே குளித்து வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி உடுத்தி, ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகக்கவசத்தோடு நான் உள்ளே வந்ததும் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் என்னைப் பார்த்தார்.

"வாரும். ஓடுமாவே?"

"பாக்கேன் சார்."

அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது, சாப்ட்வேர் கெட்டுப்போயிருக்கிறது. போர்டில் குறை இல்லை. அதைப் புதிதாக ஏற்ற வேண்டும். என் பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் இதே அளவு டிவிக்கான பைல் இருந்தது. ஆனால் டிவிக்குப் பின்னால் ஒட்டியிருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கடைசி எழுத்து வேறு. அதாவது உள்ளே இருக்கும் பேனல், படம் தெரிகிற அந்தத் திரை, வேறு.

இந்த இடத்தில்தான் உங்களில் பலபேருக்குக் கை துறுதுறுக்கும். பெரும்பாலும் ஓடிவிடும் என்று எனக்கும் தெரியும். ஓடாவிட்டால் படம் தலைகீழாக வரும், அல்லது ஒன்றுமே வராது. வேறு நாளாக இருந்தால் இரண்டாவது தடவை சரியானதை ஏற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு இரண்டாவது தடவைக்கு இடம் இல்லை. சரியான பைலை இறக்குவதென்றால் போன் நெட்டில் ஆமை மாதிரி நகரும், பாதி நேரத்தைத் தின்றுவிடும். ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்து நெட்டை உறிஞ்சிக்கொண்டிருந்த காலம். ஆனாலும் ஜெபாவின் லேப்டாப்பை வாங்கி இறக்கப் போட்டேன். ஒருவர் அவசரப்படுகிறார் என்பதற்காக அவருடைய ஒரே வாய்ப்பைப் பணயம் வைக்க நமக்கு உரிமை கிடையாது.

"பக்கத்து வீட்டு டிவியில பாக்க முடியாதாம்மா?" என்று ஜெபாவிடம் கேட்டேன்.

"அவங்க வீட்டுல காய்ச்சல், அண்ணாச்சி. கதவே தெறக்கல."

பைல் இறங்கிக்கொண்டிருக்கும்போது வானம் மூடியது. மேற்கே மலைப்பக்கம் இடி கேட்டது. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மில் தொழிலாளி வீட்டில் கிரிக்கெட் மேட்ச் தொடங்கப்போகிறது என்று யாரோ பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினார்கள். அந்த டிவி அதற்குப் பிறகு கண்ணே திறக்கவில்லை. அதனால் ஹாலில் எந்த பிளக் பாயிண்டுக்கு இன்வெர்ட்டர் வருகிறது என்று மெயினை அணைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். பீரோவுக்குப் பின்னால் இருந்தது. நானும் ஜெபாவும் பீரோவை நகர்த்தி அங்கேயிருந்து ஒயர் இழுத்தோம்.

சரியான பைல் இறங்கி, அதைப் பென் டிரைவில் ஏற்றி, எல்லாம் தயாரானதும் வழக்கமாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"சார், இதை ஏத்துனா டிவிக்குள்ள இருக்கது எல்லாம் அழிஞ்சிரும். புதுசு மாதிரி ஆயிரும். பரவாயில்லையா?"

"அதுல என்னவே இருக்கு? படம் பாக்கதுதானே. அழியட்டும்" என்றார் சாமுவேல் சார்.

பென் டிரைவைச் சொருகினேன். சின்ன விளக்கு மின்னியது. திரையில் ஒரு கோடு பைய நகரத் தொடங்கியது. சார், "எந்திச்சிட்டா?" என்று கேட்டார். "எந்திக்குது சார்" என்றேன்.

பாதியைத் தாண்டிய இடத்தில் கோடு நின்றுவிட்டது.

நின்றது நின்றதுதான். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மின்னிக்கொண்டுதான் இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய், இன்வெர்ட்டர் 'கீச்' என்று கத்தியது. டிவி அணையவில்லை. கோடும் நகரவில்லை.

"நின்னுட்டுல்லா?" என்றார் சார். கண் தெரியாவிட்டாலும் எங்கள் மூச்சை வைத்துத் தெரிந்துகொண்டார்.

"ஆமா சார். கொஞ்சம் பொறுக்கணும்."

"ஒருக்கா அணைச்சுப் போடுமே."

"கூடாது சார்."

"மணி என்ன ஆச்சு ஜெபா? வே, அணைச்சுப் போடும்ங்கேன்!" அவர் எழுந்துவிட்டார். கையை நீட்டிச் சுவரைத் தடவிக்கொண்டு பிளக்கைத் தேடி வந்தார். நான் போய் பிளக்குக்கு முன்னால் நின்றுகொண்டேன். அவர் கை என் மார்பில் பட்டது. என்னைத் தள்ளினார். வயதானவர்தான், ஆனால் நல்ல பலமாகவே தள்ளினார். நான் நகரவில்லை.

"சார், நீங்க என்னைய அடிச்சாலும் சரி. இதை இப்ப அணைச்சா நீங்க பாக்க முடியாது."

அவர் அப்படியே என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தலையைக் குனிந்திருந்ததால் அழுகிறாரா என்று தெரியவில்லை. ஜெபா வந்து கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து, "தம்பி, கொஞ்சம் இங்கன வாரியளா?" என்று அந்த அம்மா கூப்பிட்டார்கள். எஸ்தர் அம்மா. தண்ணீர் தரக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். ஜெபாவை பிளக் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனேன்.

அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை. அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்கள்.

"தம்பி, அது ஓடாதுன்னு சொல்லிருங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஓடிட்டுன்னா அவுக பாப்பாக. சத்தம் வீடு பூரா கேக்கும். நான் எங்க போவேன்? வெளிய போகவும் முடியாது. எம்புள்ள அங்கன இருக்கான், இப்ப வேலைக்குப் போயிருக்கான்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்துருவேன். போன்ல சொன்னதுதானே, நம்பாம இருந்துருவேன். அதைக் கேட்டுட்டன்னா முடியாது. ஓடாதுன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அவுக நம்புவாக."

இவ்வளவு வருடத் தொழிலில் டிவியைச் சரி செய்யாதே என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதைச் செய்வது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். ஹாலுக்குப் போய் 'போர்டு போயிட்டு சார்' என்று சொன்னால் போதும். அந்தக் கோடு நின்றிருந்த நிலைமையில் அது பொய்யென்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் சொன்னேன்: "அம்மா, அது எந்திக்குமான்னு எனக்கே தெரியாது. ஆனா எந்திச்சிட்டுன்னா நான் அவருகிட்ட பொய் சொல்ல முடியாதும்மா. அவருக்கும் அவன் மகன்தானே. உங்க காதுல விழாம நான் பாத்துக்கிடுதேன்."

அவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

நான் ஹாலுக்கு வந்தபோது கோடு நகர்ந்திருந்தது. பிறகு கிடுகிடுவென்று ஓடி முடித்துவிட்டது. டிவி ஒருமுறை அணைந்து எழுந்தது. புது டிவியில் வருமே, அந்தக் கலர் கலரான வரவேற்பும் கிண்கிணிச் சத்தமும், அது வந்தது. அந்த வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. ஓடிப் போய்ச் சத்தத்தை அணைத்தேன்.

மொழி கேட்டது, இடம் கேட்டது. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போய், "உங்க போனைச் சேருங்கம்மா" என்று ஜெபாவிடம் சொன்னேன். அவள் போனில் தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள்.

"காணமே அண்ணாச்சி. 'அப்பா டிவி'ன்னு வரும். அண்ணன்தான் பேரு வச்சான். இங்கன என்னமோ நம்பர்தான் வருது."

"அந்த நம்பர்தாம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழிந்துவிடும் என்று நான் முன்னாடியே சொன்னது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அழியும் என்று நாம் எச்சரித்துவிடுகிறோம். எது அழியும் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவள் அந்த நம்பரைத் தொட்டாள். போனில் இருந்தது திரையில் வந்தது.

ஜெபா காலேஜ் ஆன்லைன் வகுப்புக்கு வைத்திருந்த ஹெட்போனைக் கேட்டு வாங்கி, டிவியின் பக்கவாட்டில் சொருகி, சாரின் காதில் மாட்டினேன். நாற்காலியைத் திரைக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டேன். வீட்டுக்குள் சத்தம் இல்லை. சரியாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஹெட்போன் மாட்டியவருக்குத் தன் குரல் எவ்வளவு என்று தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. துபாயில் போதகர் ஜெபத்தை முடித்திருப்பார் போலிருக்கிறது. சார் வீடே அதிரும்படி "ஆமென்" என்றார். கொஞ்ச நேரத்தில் அங்கே பாட்டு ஒன்று தொடங்கியிருக்க வேண்டும். அவரும் சேர்ந்து பாடினார். துணைக்குக் குரல் இல்லாமல், தாளம் இல்லாமல், அந்த ஒற்றைக் குரல் மட்டும் ஹாலில் கேட்டது. ஜெபா அவர் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிற சத்தம் இல்லை. தண்ணீர் மட்டும் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

திரையை முழுசாகப் பார்த்தது நான் ஒருவன்தான்.

முடிந்த பிறகு சார் ஹெட்போனைக் கழற்றினார். "மண்ணு போட்டுட்டாங்களாவே? எனக்கு மஞ்சளாத்தான் தெரிஞ்சுது" என்றார். "போட்டுட்டாங்க சார்" என்றேன். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஊரடங்கு எல்லாம் தளர்ந்து, பஸ் ஓடத் தொடங்கிய பிறகு அந்த வீட்டிலிருந்து மறுபடியும் கம்ப்ளெய்ண்ட் வந்தது. இந்தத் தடவை எஸ்தர் அம்மாவே போன் செய்திருந்தார்கள். ரிமோட் வேலை செய்யவில்லை என்றார்கள். ரிமோட்டுக்கெல்லாம் ஆள் போகிற வழக்கம் இல்லை என்று ஆபீசில் சொன்னார்கள். நான் போனேன்.

பகல் நேரம். சார் கண் ஆஸ்பத்திரிக்கு மகளோடு போயிருந்தார். ரிமோட்டை வாங்கிப் பின்னால் திறந்தேன். உள்ளே பேட்டரியே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மா கையை விரித்துக் காட்டினார்கள். இரண்டு பேட்டரியும் அவர்கள் உள்ளங்கையில் இருந்தன.

"உக்காருங்க தம்பி" என்றார்கள்.

உட்கார்ந்தேன்.

"நீங்க பாத்தியள்லா?"

"ஆமாம்மா."

"ஜெபாகிட்ட கேட்டா அழுதுருதா. அவுகளுக்குச் சரியாத் தெரியல. நீங்க ஒரு ஆளுதான் பாத்திருக்கிய. மொதல்ல இருந்து சொல்லுங்க."

நம் தொழிலில் இதற்குப் பாடம் எதுவும் கிடையாது. நான் முதலிலிருந்து சொன்னேன். பெரிய மணல்வெளி, சுற்றிலும் சிமெண்டு மதில். கூட்டாளிகள் ஒரு சிலர்தான் வந்திருந்தார்கள். வண்டியிலிருந்து பெட்டியை அவர்களே தூக்கி வந்தார்கள், அலுங்காமல் தூக்கி வந்தார்கள். குழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போதகர் வந்து சேரும் வரை நின்றார்கள்.

"வெயிலு இருந்துச்சா?"

நான் யோசித்தேன். அங்கே அது உச்சி வெயில் நேரம். நிழலுக்கு ஒரு செடி கிடையாது. இல்லை என்று சொல்லிவிடலாம். அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருந்துச்சும்மா. நல்ல வெயிலு. ஒரு பையன் குடை வச்சிருந்தான். கறுப்புக் குடை. அவன் தலையில வெயிலு. குடையைக் குனிஞ்சு பெட்டி மேல பிடிச்சிருந்தான். உள்ள இறக்குற வரைக்கும் எடுக்கவே இல்ல."

அவர்கள் உதடு அசைந்தது. பிறகு கேட்டார்கள்.

"யாரு அந்தப் புள்ள?"

"தெரியாதும்மா. முகத்தை மூடியிருந்தான்."

"நல்லா இருக்கணும்" என்றார்கள். "எந்தத் தாய் பெத்ததோ, அந்தப் புள்ள நல்லா இருக்கணும்."

அதைச் சொன்ன பிறகுதான் வாய்விட்டு அழுதார்கள். என் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அடுத்து நான் ரிப்பேருக்குப் போக வேண்டிய வீட்டுக்காரர். எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.